நிப்பிள் இல்லாத ஜொயின்ட்டுக்குக் கிறீஸ்: புதிதாக லொறி எடுத்தவர்களுக்கு

கிறீஸ் கன் ஒன்றை வாங்கிக்கொண்டு முதல்முறையாக லொறிக்கு அடியில் படுக்கிற எவருக்கும் ஒரு குழப்பம் வரும். முன் சக்கரம் திரும்புகிற கிங் பின்னில் நிப்பிள், அதாவது கன்னை மாட்டுகிற குமிழ், இருக்கிறது. ஸ்பிரிங் ஷக்கிளில் இருக்கிறது. பின்னுக்குப் போகிற ஷாஃப்ட்டின் குறோஸிலும் இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங் கம்பிகளின் நுனியில் உள்ள உருண்டைகளை, அதாவது போல் ஜொயின்ட்டுகளை, எந்தப் பக்கம் தடவிப் பார்த்தாலும் கன்னை மாட்ட ஓரிடம் கிடையாது. எனக்கும் அப்படித்தான் ஆனது. பழைய கன்டர் ஒன்றை எடுத்து, போகும்போது மீன், வரும்போது தம்புள்ளை மரக்கறி என்று ஓடத் தொடங்கிய காலம். ஒரு கராஜில் கேட்டேன். "அது சீல் பண்ணினது. ஒன்றும் செய்யத் தேவையில்லை, போனால் மாத்துறதுதான்" என்றார்கள். ஒரு வேலை குறைந்தது என்று சந்தோசப்பட்டேன்.

ஒன்றரை வருசம் கழித்து, ஹபரணைக் காட்டு வழியில் ஒரு வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. பவர் ஸ்டியரிங் ஒயில் குறைந்திருக்கும் என்று நினைத்து, மெல்ல மெல்ல ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் கிண்ணியாவில் மெக்கானிக் நானா ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் டிராக் லிங்கின், அதாவது ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின், ஒரு முனையைக் கழற்றி, றபர் உறையை விரலால் தள்ளித் திறந்தார். கிறீஸ் என்று சொல்ல உள்ளே ஒன்றுமில்லை. தேத்தண்ணி நிறத்தில் துருத் தண்ணீர் வழிந்தது.

"தம்பி, இது கிறீஸ் இல்லாமச் சாகல்ல. தண்ணி குடிச்சுச் செத்திரிக்கி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதையும், நானே செய்து கெடுத்துக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

ஓர் எஃகுப் பந்து, அதிலிருந்து நீளும் ஒரு தண்டு, பந்து உட்காரும் கிண்ணம். போல் ஜொயின்ட் என்பது இவ்வளவுதான். நம் தோள்மூட்டும் கிட்டத்தட்ட இதே அமைப்புத்தான். தண்டு வெளியே வரும் வாயில் பூட் என்கிற றபர் உறை மூடியிருக்கும். உறையின் ஒரு விளிம்பு கிண்ணத்தைக் கவ்விப் பிடிக்கும், மற்ற விளிம்பு தண்டின் கழுத்தை அணைத்தபடி இருக்கும்.

அப்பாவின் காலத்துப் பெட்ஃபோர்ட் லொறியில் எல்லா மூட்டிலும் நிப்பிள் இருந்தது. இரும்புப் பந்து இரும்புக் கிண்ணத்தில் உரசும், கிறீஸ் அடிக்காவிட்டால் கத்தும். பின்னால் வந்த ஜொயின்ட்டுகளில் கிண்ணத்துக்கு உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் ஒன்றை வைத்து, தொழிற்சாலையிலேயே கிறீஸ் நிரப்பி மூடிவிட்டார்கள். அதில் தப்பில்லை. உறை நல்லபடி இருந்தால் உள்ளே இருக்கும் கிறீஸ் அந்த ஜொயின்ட்டின் ஆயுளுக்கும் போதும்.

ஆனால் நாம் ஓடுவது திருகோணமலையில். கச்சான் காற்றுக் காலத்தில் மாதக்கணக்காக வெயிலும் தூசியும். றபர் காய்ந்து இறுகி, மடிப்புகளில் மயிரிழைபோல வெடிப்பு விழும். ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கி மழை கொட்டும்போது அதே வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மீன் ஏற்றுகிற இடமென்றால் இன்னும் மோசம். ஐஸ் உருகிய தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து தேங்கிய சேற்றுக்குள்தான் முன் சக்கரம் நிற்கும். புல்மோட்டை வீதியில் கடலோரமாகவே ஓடுகிறவர்களுக்கும், மகாவலி மணல் ஏற்றுகிற டிப்பர்காரருக்கும் இதே கதைதான்: ஒருவருக்கு உப்பு, மற்றவருக்கு மணல்.

உங்கள் லொறியில் எவை எவை

முன்னால் ஒரே நீள அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள லொறி என்றால் (எல்ஃப், கன்டர், டாட்டா 407 போன்றவை பெரும்பாலும் இப்படித்தான்) பார்க்க வேண்டியது நாலு இடம்: டிராக் லிங்கின் இரண்டு முனை, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ரொட்டின் இரண்டு முனை. கிங் பின்னுக்கு நிப்பிள் இருக்கும், அது வேறு கணக்கு.

ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஆடும் பிக்கப், சிறிய லொறி என்றால் எண்ணிக்கை கூடும். மேல் கையில் ஒன்று, கீழ்க் கையில் ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு போல் ஜொயின்ட் இருக்கும். அதோடு டை ரொட் எண்ட், ஸ்டபிலைஸர் லிங்கின் நுனிகள், ஸ்டியரிங்கில் ரெக் (பற்சட்டம்) வைத்த வண்டி என்றால் மடிப்பு மடிப்பான நீண்ட உறைக்குள் ஒளிந்திருக்கும் ரெக் எண்ட்.

முதல் நாள் கிறீஸ் கன்னைத் தொடாமல், ஒரு டோர்ச்சும் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு போய் இவற்றை எண்ணி வரைந்து வையுங்கள். எதற்கு நிப்பிள் உண்டு, எதற்கு இல்லை என்று குறியுங்கள். சில வண்டிகளில் நிப்பிள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னத் திருகாணி ஒன்றை வைத்து அடைத்திருப்பார்கள். அதைக் கழற்றி நிப்பிளை மாட்டினால் வேலை சுலபம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கிறீஸ் வாங்குதல்

கடைக்குப் போனால் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு என்று எல்லா நிறத்திலும் கிறீஸ் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சாயம். டின்னில் மூன்று விசயத்தைப் பாருங்கள்.

ஒன்று, என்.எல்.ஜி.ஐ. 2 என்ற இலக்கம். அது கிறீஸின் இறுக்கத்தைச் சொல்வது. வீட்டில் மேசையில் வைத்த மாஜரின் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, லிதியம் அல்லது லிதியம் கொம்ப்ளெக்ஸ் என்ற பெயர். மூன்று, ஈ.பி. என்ற எழுத்துகள், அதாவது பாரம் தாங்குவதற்கான மருந்து சேர்த்தது. மொலி (மொலிப்டினம் டைசல்பைட்) கலந்த கறுப்புக் கிறீஸும் இந்த ஜொயின்ட்டுகளுக்கு நல்லது. "சூடு தாங்கும்" என்று கூட விலை சொல்லி விற்பதற்கு மயங்க வேண்டாம். சாதாரண லிதியம் கிறீஸே 180 பாகை செல்சியஸ் வரைக்கும் உருகிச் சொட்டாது. ஸ்டியரிங் ஜொயின்ட் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போவதில்லை. நமக்கு வேண்டியது தண்ணீரில் கரையாத கிறீஸ். கல்சியம் சல்பனேட் என்று எழுதியது கிடைத்தால் உப்புத் தண்ணீருக்கு அதைப்போல வேறில்லை, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கிறீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பஞ்சு. எண்ணெய்தான் வேலை செய்கிறது, பஞ்சு அதை ஓட விடாமல் வைத்திருக்கிறது. லிதியம் ஒரு வகைப் பஞ்சு, பொலியூரியா வேறு வகை. இரண்டு பொருந்தாத வகையைக் கலந்தால் பஞ்சு உடைந்து எண்ணெய் ஒழுகிப் போகும். ஆகவே முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் பழையதைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது உத்தமம். ஒரே வகையைத் தெரிவு செய்து, அதையே எப்போதும் பாவியுங்கள்.

திறந்த பீப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளி ஷொப்பிங் பேக்கில் நிறுத்துத் தரும் கிறீஸை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். கச்சான் அடிக்கிற நாளில் அந்தப் பீப்பாவில் எவ்வளவு மணல் விழுந்திருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. மணல் கலந்த கிறீஸை ஜொயின்ட்டுக்குள் ஏற்றுவதும் ஜொயின்ட்டை அரத்தால் அராவுவதும் ஒன்றுதான். கன்னுக்குள் நேராகப் போடும் குழாய் வடிவ உறைகளில் வருவது நல்லது.

மற்றச் சாமான்கள்: கையால் அடிக்கும் லீவர் கன், அதற்கு மாட்டும் ஊசி முனை, வளையும் ஹோஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், பஞ்சு நூல் வராத துணி, சவர்க்காரத் தண்ணீர். ஊசி முனை என்பது சேலைன் ஊசியைப்போலக் கூரான ஒரு குழாய். கூர் இல்லாத மெல்லிய முனையும் விற்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் கூர் இல்லாததை வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கீழே படுக்கும் முன்

சீமெந்துத் தரை அல்லது கெட்டியான நிலம். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வீட்டு முற்றம் முழுவதும் மணல் என்றால் அங்கே ஜக் போடவே வேண்டாம், அது ஒரு பக்கமாகப் புதையும். ஹேண்ட் பிறேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கினால் அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடுவதைப் பற்றி நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கிறீஸ் கன்னைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. லொறி டயரில் இருக்கும் காற்று 100 இறாத்தல் அளவு. கையால் அடிக்கும் கன்னின் முனையில் சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் இறாத்தல் அழுத்தம் வரும். ஹோஸில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள். ஊசி முனையைக் கையில் பிடித்தபடி அடிக்காதீர்கள். தோலுக்குள் கிறீஸ் புகுந்தால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் நோவும் பெரிதாக இராது. அது உள்ளே சதையை அழுக வைக்கும். அப்படி நடந்தால் கையைக் கழுவிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய், "கிறீஸ் கன் குத்தியது" என்று சொல்ல வேண்டும். விரலைக் காப்பாற்றுவது அந்த மணித்தியாலங்கள்தான்.

முதலில் ஆட்டம் பார்ப்பது

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுக் கிறீஸுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தேய்ந்துபோன ஜொயின்ட்டுக்குக் கிறீஸ் அடித்தால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், தேய்வு திரும்பி வராது. சத்தம் அடங்குவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் எச்சரிக்கையும் போய்விடுகிறது.

டை ரொட், டிராக் லிங்க் முனைகளுக்கு லொறியைத் தூக்கத் தேவையில்லை. சக்கரங்கள் நிலத்தில் இருக்கட்டும். ஒருவரை உள்ளே இருத்தி ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஜொயின்ட்டைச் சுற்றிக் கையை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஜொயின்ட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக அசையும். தேய்ந்ததில் ஒரு பக்கம் அசைந்த பிறகுதான் மற்றது அசையும், "டொக்" என்று கைக்குத் தெரியும். விரல் நசுங்காத இடத்தில் கையை வையுங்கள், உள்ளே இருப்பவர் நீங்கள் சொல்லும்வரை எதையும் பெரிதாகத் திருப்பக் கூடாது. என் மகன் ஒருமுறை போன் வந்த அவசரத்தில் முழுதாகத் திருப்பிவிட்டான், நகம் ஒன்றோடு போனது.

கிங் பின்னுக்கு அச்சைத் தூக்கி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னா, சக்கர பெயாரிங்கா? ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங். நிற்காவிட்டால் கிங் பின். இந்தச் சின்ன வித்தை எனக்கு ஒரு தடவை வீண் செலவை மிச்சப்படுத்தியது.

தனித்தனியாக ஆடும் முன் சக்கர வண்டியில், ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க் கையில் இருந்தால், ஜக்கைக் கீழ்க் கைக்கு அடியில், சக்கரத்துக்கு முடிந்த அளவு கிட்டக் கொடுத்துத் தூக்க வேண்டும். சேசிஸில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஜொயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது.

ஆட்டம் கண்ட ஜொயின்ட்டைக் குறித்து வைத்து மாற்றுங்கள். அதற்குக் கிறீஸ் பற்றிய பேச்சே வேண்டாம்.

உறையைப் படிப்பது

சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் கொண்டு உறையைச் சுற்றிக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் எதையும் றபரில் தடவக் கூடாது. கிறீஸ் அழுக்கு ஒரு நொடியில் போகும் என்பது உண்மைதான், ஆனால் றபர் ஊறிப் பருத்து, பிறகு பிய்ந்துபோகும்.

கழுவிய பிறகு டோர்ச்சை அடித்து, உறையை விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்து, விட்டதும் பழைய உருவத்துக்கு வந்தால் உள்ளே கிறீஸ் இருக்கிறது, உறையும் உயிரோடு இருக்கிறது. காற்றுப்போன பந்துபோல ஒடுங்கிக் கிடந்தால் கிறீஸ் குறைந்திருக்கிறது. மடிப்புகளை விரித்துப் பாருங்கள், வெடிப்பு எப்போதும் மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். தண்டின் கழுத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கண்ணீர் வழிந்ததுபோல ஒரு கோடு இருந்தால் உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்து வெளியே வருகிறது என்று அர்த்தம். உறையைச் சுற்றியுள்ள இரும்பில் கிறீஸ் தெறித்திருந்தால் எங்கோ கிழிந்திருக்கிறது.

கிழியாத, ஒடுங்கிய உறைக்குத்தான் கிறீஸ் செலுத்துவதில் பயன் உண்டு. கிழிந்த உறைக்கு உறைதான் மருந்து. சில ஜொயின்ட்டுகளுக்கு உறையை மட்டும் தனியாக வாங்கலாம், அளவுக்குப் பழையதைக் கையில் கொண்டு போங்கள். உறை கிழிந்து மாதக்கணக்கில் ஓடியது என்றால் அதுவும் வேண்டாம், முழு ஜொயின்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

கிறீஸ் செலுத்துவது

நிப்பிள் உள்ளவற்றை முதலில் முடித்துவிடுவோம். நிப்பிளின் நுனியில் ஒரு குட்டி உருண்டையும் அதன் பின்னால் ஸ்பிரிங்கும் இருக்கும். கிறீஸை உள்ளே விடும், வெளியே விடாது. ஒஸ்கார் ஸேர்க் என்பவர் 1929இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றைக்கும் மாறவில்லை. நுனியைத் துணியால் துடைக்காமல் கன்னை மாட்டினால் நுனியில் ஒட்டிய மணலைத்தான் முதலில் உள்ளே அனுப்புவீர்கள். துடையுங்கள், மாட்டுங்கள், அடியுங்கள். உறை உள்ள ஜொயின்ட்டில் உறை சற்று உப்பத் தொடங்கியதும் நிறுத்துங்கள். கிங் பின்னுக்கு அச்சைத் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் அடித்தால் கிறீஸ் அடியில் உள்ள பெயாரிங்குக்கும் போகும். அங்கே பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம்.

இனி நிப்பிள் இல்லாதது. மூன்று வழி இருக்கிறது. நான் விரும்பும் வரிசையிலேயே சொல்கிறேன்.

நல்ல வழி, கழற்றிச் செய்வது. ஸ்பிளிட் பின்னை நேராக்கி இழுத்து, நட்டைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்றில் விடுங்கள். புல்லர் (தண்டை அமுக்கிப் பிரிக்கும் கருவி) போட்டு இறுக்கினால் தண்டு "டங்" என்று விடுபடும், நட் இருப்பதால் எகிறி விழாது. கவட்டைபோன்ற ஆப்பை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பிரிப்பவர்கள் உண்டு. அது உறையைக் கிழித்துவிடும், நாம் காப்பாற்ற வந்ததே அந்த உறையைத்தான். பிரிந்ததும் உறையின் மேல் விளிம்பைப் பின்னுக்குச் சுருட்டி, பழைய கிறீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, தண்டை எல்லாப் பக்கமும் சுழற்றிக்கொண்டே புதியதை வையுங்கள். பந்தின் கழுத்து வரை நிரம்பி, உறைக்குள் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். மடங்கும்போது உறைக்கு இடம் வேண்டும். திரும்பப் பூட்டும்போது, தண்டின் கூம்பிலும் அது உட்காரும் துளையிலும் கிறீஸ் இருக்கக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நட்டை உங்கள் வண்டியின் கைந்நூலில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின்னின் துளை நேருக்கு வராவிட்டால் நட்டின் அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்குங்கள். துளைக்காகத் தளர்த்தவே கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடுவதும் கூடாது. அது ஒரு பிளேன்டீ விலைகூட வராத சாமான்.

இரண்டாவது வழி, விளிம்பு வழி. கழற்றாமல் செய்வது, பெரும்பாலும் நான் செய்வது. கூர் இல்லாத மெல்லிய முனை இதற்குத்தான். உறையின் விளிம்பு தண்டைத் தொடும் இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் ஒரு துளி விட்டு, முனையை மெல்ல உள்ளே நுழைத்துவிடுங்கள். சில ஜொயின்ட்டுகளில் விளிம்புக்கு மேலே கம்பி வளையம் ஒன்று இருக்கும், அதைச் சற்று நகர்த்த வேண்டும், மறக்காமல் திரும்பவும் அதன் பள்ளத்தில் போட வேண்டும். கன்னை அரை அரை அடியாக, மெதுவாக அடியுங்கள். ஒரு முழு அடிக்கு ஏறக்குறைய 1 கிராம் கிறீஸ் வரும், டை ரொட் எண்ட் ஒன்றுக்கு இரண்டு மூன்று அடி போதும். ஒரு விரலை உறையில் வைத்தபடி அடித்தால் அது நிரம்புவது தெரியும். பிறகு ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நாலைந்து தடவை திருப்பச் சொல்லுங்கள். அடைபட்ட காற்று விளிம்பு வழியே "புஸ்" என்று வெளியேறும். உறை மறுபடி ஒடுங்கினால் இன்னும் அரை அடி.

முதல் தடவை நான் உற்சாகத்தில் எட்டு அடி அடித்தேன். உறை ஊதிய பலூன்போல நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிண்ணியாப் பாலம் தாண்டுவதற்குள் கிண்ணத்தைக் கவ்வியிருந்த கீழ் விளிம்பு கழன்று, கிறீஸ் எல்லாம் ரிம்மில் அப்பிக் கிடந்தது. நானா சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, புது ஜொயின்ட்டுக்குக் காசு வாங்கினார்.

மூன்றாவது, ஊசியால் குத்துவது. இணையத்தில் காணொளி பார்த்துவிட்டுப் பலரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. உறை தண்ணீரைத் தடுப்பதற்காக இருக்கிறது, அதில் நாமே ஓர் ஓட்டை போடுகிறோம். விளிம்பு இறுகிப்போய் மெல்லிய முனை எந்த வழியிலும் நுழையாத ஜொயின்ட் என்றால், அதுவும் அடுத்த வருசம் எப்படியும் மாற்றப்போவது என்றால், சரி, செய்யுங்கள். மடிப்பில் குத்தாதீர்கள், அங்கிருந்து கிழிசல் ஓடும். விளிம்புக்குக் கிட்ட, றபர் தடிப்பாக உள்ள இடத்தில் சாய்வாகக் குத்துங்கள். உள்ளே இரும்பில் முட்டவிடாமல் நிறுத்துங்கள். முடிந்ததும் கழுவி, உலர்த்தி, துளையின் மேல் சிலிக்கன் ஒரு பொட்டு வைத்து, காயும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விளிம்பு வழியாகவோ ஊசியாலோ போடும் கிறீஸ் உறைக்குள் நிரம்புகிறது. பந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே அது முழுதாகப் போய்விடும் என்று எண்ணாதீர்கள், ஓட ஓடக் கொஞ்சம் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். அதன் முக்கிய வேலை தண்ணீருக்கு இடம் விடாமல் அந்த வெற்றிடத்தை அடைத்து வைப்பது. நமது ஊருக்கு அதுவே பெரிய வேலை.

கிண்ணத்தைத் துளைத்து, மரை வெட்டி, நிப்பிள் பூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போக வேண்டாம். இரும்புத் தூள் உள்ளே விழும், பிளாஸ்டிக்கும் துளைபடும்.

கிறீஸ் போடக் கூடாத இடங்கள்

ரெக் எண்ட்டின் நீண்ட உறைக்குள் கிறீஸை நிரப்பாதீர்கள். கிளிப்பைக் கழற்றி உறையை நகர்த்தி, தெரியும் பந்தில் கிறீஸைப் பூசிவிட்டு மூடுங்கள். ஸ்டியரிங் திரும்பும்போது அந்த உறைக்குள் காற்று போய்வர வேண்டும், நிரப்பிவிட்டால் உறை பிதுங்கிக் கழன்றுவிடும்.

றபர் புஷ்களுக்கு, அதாவது ஸ்பிரிங் கண்ணிலும் ஆர்ம்களிலும் இருக்கும் றபருக்கு, சாதாரணக் கிறீஸ் எதிரி. கீச்சிட்டால் சிலிக்கன் கிறீஸ் மட்டும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவியபின் அடியில் முழுக்கப் பழைய ஒயிலையும் டீசலையும் கலந்து விசிறிவிடுவது நம் பக்கத்தில் வழக்கம். சேசிஸ் துருப்பிடிக்காது என்பார்கள். சேசிஸுக்குச் சரிதான், உறைகளும் புஷ்களும் அதைக் குடித்து ஊதிப்போகும். விசிற வேண்டும் என்றால் முன் அச்சுப் பக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அதேபோல், பிறஷர் கன் தண்ணீரை உறையின் விளிம்புக்கு நேராக அடிக்க விடாதீர்கள். மழையால் போகாத தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

எப்போது செய்வது

நிப்பிள் உள்ளவற்றுக்கு ஒவ்வொரு எஞ்சின் ஒயில் மாற்றத்தின்போதும். சீல் பண்ணியவற்றைப் பார்ப்பதும் அதே நாளில், பார்ப்பது மட்டும். கிறீஸ் செலுத்துவது வருசத்தில் ஒரு தடவை, புரட்டாதியில், வாடை தொடங்கும் முன். மாசியில் மழை ஓய்ந்ததும் மறுபடி ஒரு தடவை கழுவித் துடைத்துப் பாருங்கள், துருக் கண்ணீர் தெரிவது அப்போதுதான். வெள்ளத்துக்குள் அச்சு மூழ்க ஓடினீர்கள் என்றால் நாள்கணக்குப் பார்க்க வேண்டாம், அந்தக் கிழமையே படுத்துப் பார்த்துவிடுங்கள்.

செய்த திகதியையும் கிலோமீற்றரையும் கதவின் உள்பக்கத்தில் பெயின்ட் பேனையால் எழுதிவையுங்கள். கொப்பி தொலைந்துபோகும், கதவு போகாது.

மாற்ற வேண்டி வந்தால், பழைய ஜொயின்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டே உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். டை ரொட்டின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை இருக்கும். அது தெரியாமல் இரண்டும் ஒரே பக்கத்துக்கானதை வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை பூட்டிய பிறகு தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். நிப்பிளோடு வரும் ஜொயின்ட் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் அதையே கேளுங்கள், பூட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி நிப்பிள் ரிம்மிலோ கம்பியிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். சீல் பண்ணியதுதான் கிடைக்கிறது என்றால், பூட்டுவதற்கு முன் உறையைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் பேருக்குத்தான் கிறீஸ் வைத்திருப்பார்கள். மேசையில் வைத்துச் செய்யும்போது அது இரண்டு நிமிட வேலை. பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். அது அலைன்மென்ட் கடைவரை ஓடிப்போகத்தான் போதும். அடுத்த பாரம் ஏற்றும் முன் அங்கே போய் முன் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சோடி டயர் சீக்கிரமே ஒரு ஓரமாகத் தேய்ந்து நூல் தெரியும்.